யப்பானிய மொழியில் ஐயமும் ஊகமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழியைப் பேசுவோரின் மனப்பாங்கினை அம்மொழியின் இலக்கணத்திலிருந்தே அறிந்துகொள்ளலாம் என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாக அறிஞர் பலரிடையே நிலவி வந்துள்ளது. இவ்வெண்ணத்துக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி காட்டப்படும் மொழிகளுள் யப்பானிய மொழியும் ஒன்றாகும். யப்பானியர் எதனையும் அறுதியிட்டுக் கூறார். 'இருக்கலாம்', 'போலும்', 'எனத் தோன்றுகிறது' என்றே வாக்கியங்களை முடிப்பர். ஆதலால் அவர்தம் மொழி தெளிவற்றது. அவர்தம் உள்ளமும் பிடிகொடாதது என்பது அவ்வாறு கூறுவோரின் வாதம். வணிகரும் அரசதந்திரிகளும் செய்தியாளரும் மட்டுமன்றி, யப்பானியருட் சிலரும் தம் மொழியைப் பற்றி இங்ஙனம் எழுதியுள்ளனர்.

ஐயச் சொற்கள் காலந்தோறும் மாறாது நின்றிருந்தாற்றான் அவற்றை ஓர் இனத்தின் மாறா இயல்புக்குச் சான்றாகக் கொள்ளமுடியும். யப்பானிய மொழிக்குக் கி.பி. எட்டாம் நூற்றாண்டு தொடக்கம் இடையறாத எழுத்துச் சான்றுகள் உள்ளன. அவற்றைக் கால அடைவில் நோக்கும்போது வேறொரு காட்சி புலப்படுகின்றது. ஐயத்தையும் ஊகத்தையும் உணர்த்திய பழைய வடிவங்களிற் பெரும்பாலானவை வழக்கிழந்தன. அவற்றின் இடத்திற் புதியவை தோன்றின. இம்மாற்றத்துக்கு ஒலிமாற்றமும் இலக்கண மாற்றமும் சமூக மாற்றமும் காரணங்களாயின. பழையனவும் புதியனவும் பெரும்பாலும் ஒரு தொழிலையே செய்து வந்துள்ளன: கூறுவோன் தான் கூறுவதனை எவ்வாறு அறிந்தான், எந்த அளவுக்கு அறிந்தான் என்பதனைக் கேட்போனுக்கு உணர்த்துவதே அத்தொழில். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைய ஒட்டுக்கள்

யப்பானிய மொழி தமிழைப் போன்று வினையை வாக்கிய இறுதியிற் கொள்வது. வினையடியோடு ஒட்டுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து பொருளை வரையறை செய்யும். நாரா (710-794), ஹெயன் (794-1185) ஆகிய காலப்பகுதிகளின் மொழியில் ஊகம், எதிர்பார்ப்பு, கேள்வியறிவு ஆகியவற்றை உணர்த்தும் ஒட்டுக்கள் ஏறத்தாழப் பத்து இருந்தன.

இவற்றுள் முதன்மையானது '-மு' என்பதாகும். இது இனி நிகழக்கூடியதனையும், தன்மையிடத்தில் வரும்போது கூறுவோனின் எண்ணத்தையும் உணர்த்தும். இதனோடு தொடர்புடைய '-ரமு', கண்ணுக்கு அப்பால் இப்பொழுது நிகழ்வதனை ஊகித்தற்கு உரியது. '-கெமு' இறந்தகால நிகழ்ச்சியை ஊகித்தற்கு உரியது. தொலைவிலுள்ள ஊரில் இவ்வேளை மழை பொழிந்துகொண்டிருக்கும் என்று எண்ணுவோன் '-ரமு' என்பதனையும், நேற்று அங்கு மழை பொழிந்திருக்கும் என்று எண்ணுவோன் '-கெமு' என்பதனையும், நாளை பொழியும் என்று எண்ணுவோன் '-மு' என்பதனையும் ஆள்வான். ஊகம் என்னும் ஒன்றே மூன்று காலத்துக்கும் மூன்று வடிவங்களைப் பெற்றிருந்தமை கவனிக்கத்தக்கது.

வேறு மூன்று ஒட்டுக்கள் ஊகத்தின் அடிப்படையைக் குறித்தன. நாராக் காலத்திற் பெருவழக்காயிருந்த '-ரஷி', கண்முன்னுள்ள அடையாளம் ஒன்றைக்கொண்டு துணிவதனை உணர்த்தியது. '-மெரி' கண்ணுக்குத் தோன்றுவதனையும், '-நரி' செவிக்கு எட்டியதனையும் பிறர்வாய்க் கேட்டதனையும் உணர்த்தின. '-மெரி' என்பது 'காண்' என்னும் பொருளுடைய வினையோடும், '-நரி' என்பது 'ஒலி' என்னும் பொருளுடைய பெயரோடும் 'உள்' என்னும் வினை சேர்ந்து பிறந்தவை என்று இலக்கண ஆய்வாளர் பொதுவாக விளக்குவர். கண்ணும் செவியும் இலக்கணத்தில் இவ்வாறு தனித்தனி இடம்பெற்றிருந்தன.

'-பெஷி' இவையனைத்தினும் வலிமை மிக்கது. நியாயத்தின்படி நிகழவேண்டியது, செய்யவேண்டியது, செய்யக்கூடியது என்னும் பொருள்கள் யாவும் இதனுள் அடங்கும். தமிழில் 'வந்திருக்க வேண்டும்' என்பது கடமையையும் துணிவான ஊகத்தையும் ஒருங்கே உணர்த்தவல்லதாயிருத்தலை நோக்குவோர்க்கு இவ்விணைப்பு வியப்பளிக்காது. '-மஷி' நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் கற்பித்து உரைப்பதற்கு உரியது. '-ஜி', '-மஜி' ஆகியவை முறையே '-மு', '-பெஷி' என்பவற்றின் எதிர்மறைகளாகும்.

நிபந்தனையிலும் இத்தகைய வேறுபாடு பேணப்பட்டது. 'அரப' என்பது 'இருக்குமாயின்' எனப் பொருள்படும். 'அரெப' என்பது 'இருத்தலால்', 'இருக்கும்போது' எனப் பொருள்படும். நிகழ்ந்ததோ நிகழாததோ என்னும் பெரும் வேறுபாடு ஓர் உயிரெழுத்தின் மாற்றத்திலே தங்கியிருந்தது. இச்சிறு வேறுபாடு பிற்காலத்தில் எழுப்பிய சிக்கலைப் பின்னர் நோக்குவோம்.

கண்டதும் கேட்டதும்

இவ்வொட்டுக்களின் பயனை உணர்வதற்கு மூன்று நூல்களை நோக்கினாற் போதும். கி நொ த்ஸுரயுகி என்னும் கவிஞர் தொசா மாகாணத்தின் ஆளுநராகப் பணியாற்றிவிட்டு 935 ஆம் ஆண்டு தலைநகர் திரும்பினார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'தொசா நிக்கி' என்னும் நாட்குறிப்பு, பெண்ணொருத்தி எழுதியதாக அமைக்கப்பட்டுள்ளது. அதன் முதல் வாக்கியத்தில் '-நரி' என்னும் வடிவம் இருமுறை வருகின்றது. ஆடவர் எழுதுவதாகச் சொல்லப்படும் நாட்குறிப்பு என்னுமிடத்தில் வருவது கேள்வியறிவினைக் காட்டுவது. அதனைப் பெண்ணாகிய தானும் எழுதுவதாகக் கூறுமிடத்தில் வருவது உறுதிப்பொருளைக் காட்டும் வேறொரு சொல். இரண்டும் ஒலியால் ஒன்றே. முன்னையது வினைமுற்று வடிவமாகிய 'சு' என்பதனையும், பின்னையது பெயரெச்ச வடிவமாகிய 'சுரு' என்பதனையும் அடுத்து வருதலால் மாத்திரமே வேறுபடுகின்றன. ஆடவர் உலகைத் தான் செவிவழியாக மட்டுமே அறிந்தவள் என்று கூறும் பெண்ணின் வேடத்தை ஆசிரியர் இந்தச் சிறு ஒட்டினாலேயே புனைந்துகொண்டார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'கொன்ஜகு மொனொகதரி' இந்தியா, சீனம், யப்பான் ஆகிய மூன்று நாடுகளின் கதைகளாக ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் தொகுத்துத் தருவது. புத்தர்பிரானின் வரலாறு தொடக்கம் கள்வரின் செயல்கள் வரை அதிலே இடம்பெறுகின்றன. இக்கதைகள், தாம் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்தவை என்பதனை உணர்த்தும் ஒரே வாய்பாட்டினால் முடிவுறுகின்றன. தொகுத்தவர் எக்கதைக்கும் தாம் சான்று நிற்கவில்லை. கேட்டதனைக் கேட்டதாகவே ஒப்படைக்கின்றார்.

'ஒககமி' என்னும் வரலாற்று நூலின் அமைப்பு இதற்கு மாறானது. ஃபுஜிவார குடும்பத்தினரின் எழுச்சியைக் கூறும் அந்நூல், 1025 ஆம் ஆண்டில் ஒரு கோயிலிற் சந்தித்த முதியோரின் உரையாடலாகப் புனையப்பட்டுள்ளது. அவர்களுள் முதன்மையானவர் நூற்றுத் தொண்ணூறு வயதுடையவராகக் காட்டப்படுகின்றார். இவ்வியலா வயது ஏன் தேவைப்பட்டது? ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை நேரிற் கண்டவரின் வாய்மொழியாகத் தருவதற்கு ஆசிரியர் விரும்பினார். பண்டைய யப்பானிய மொழியில் இறந்தகாலத்துக்கு '-கி', '-கெரி' என இரு ஒட்டுக்கள் உண்டு. முன்னையது தன் அனுபவத்துக்குட்பட்ட இறந்தகாலத்தையும், பின்னையது பிறர் கூறக் கேட்ட இறந்தகாலத்தையும் உணர்த்தும் என்று ஹொஸொயெ இத்ஸுகி 1932 இல் எடுத்துரைத்தார். இவ்வரையறை எல்லா இடங்களுக்கும் பொருந்துவதில்லை என்று பின்வந்தோர் காட்டியுள்ளபோதும், கதைநூல்கள் பெரும்பாலும் '-கெரி' என்பதனையே நாடுவதும், நினைவுகூறுவோர் '-கி' என்பதனை நாடுவதும் மறுக்கப்படாதவை. எனவே, வரலாற்றைக் கூறுவோன் தன் அறிவின் மூலத்தைக் குறித்தல் வேண்டும் என்னும் உணர்வு அம்மொழியின் உரைநடையில் ஆதிமுதலே காணப்பட்டது எனலாம்.

ஒட்டுக்களின் அழிவு

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கூறிய ஒட்டுக்களுள் மிகச் சிலவே பேச்சுமொழியில் எஞ்சின. இதற்கு முதற் காரணம் வினைமுற்றும் பெயரெச்சமும் ஒன்றாகியமையாகும். ஹெயன் காலத்தின் பிற்பகுதியிலிருந்து பெயரெச்ச வடிவமே வாக்கியத்தை முடிக்கவும் பயன்படலாயிற்று. 'சு' மறைந்து 'சுரு' என்பதே இரண்டுக்கும் உரியதாயிற்று. இதன் விளைவாக, த்ஸுரயுகி திறம்பட ஆண்ட இரு 'நரி'களுக்கும் இடையிலான வேறுபாடு அடியற்றுப்போயிற்று. கேட்டதும் உறுதியானதும் வடிவத்தால் ஒன்றான பின்னர், கேள்வியறிவைக் காட்டும் '-நரி' நிலைத்தல் இயலாததாயிற்று.

இரண்டாவது காரணம் ஒலிமாற்றம். '-மு' என்பது மூக்கொலியாகித் தேய்ந்து '-உ' ஆயிற்று. 'யுகமு' என்பது 'யுகன்', 'யுகவு' என மாறி 'யுகோ' என நெடிலாய் முடிந்தது. '-ரமு' என்பது 'ரோ' எனக் குறுகிற்று. தொசா நாட்குறிப்பு தொடங்கும் நிலமாகிய இன்றைய கொச்சி மாவட்டத்துப் பேச்சில் இந்த 'ரோ' இன்றும் ஊகத்தை உணர்த்துவது நினைவுகூரத்தக்கது. '-மஜி' என்பது 'மாய்' எனத் திரிந்தது. '-பெஷி' கிழக்கு நாட்டில் 'பெய்' ஆகிப் பேச்சுமொழியிலே தங்கிற்று. எழுத்துமொழியில் ஆணைக்கும் சட்டத்துக்கும் உரியதாய் நெடுங்காலம் நின்றது.

அரசியல் நிலையும் இதற்குத் துணைசெய்தது. கமகுராவிற் படைத்தலைவரின் ஆட்சி நிறுவப்பட்ட பின்னர் அரசவையின் செல்வாக்குக் குன்றிற்று. 1467 முதல் 1477 வரை நடைபெற்ற ஓனின் போரில் கியோத்தோ நகரின் பெரும்பகுதி அழிந்தது; அரசவையினரும் கற்றோரும் மாகாணங்களுக்குச் சிதறினர். மாற்றங்கள் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டனவாயினும், பழைய நடையைப் பேணி நின்ற அரசவைச் சமூகத்தின் வீழ்ச்சி புதிய பேச்சுமொழி மேலோங்குவதற்கு இடமளித்தது.

பிறநாட்டாரும் நாட்டாரும்

இந்நிலையிலே தான் ஐரோப்பியர் இம்மொழியைக் கற்கத் தொடங்கினர். பிரான்சிஸ் சவேரியார் 1549 இல் யப்பானை அடைந்தார். அவருக்குப் பின்வந்த யேசு சபையினருள் ஒருவராகிய ஜோவாவோ ரொட்ரிகஸ் என்னும் போர்த்துக்கேயர், 1604 முதல் 1608 வரை நாகசாக்கியில் தமது பெரிய யப்பானிய இலக்கணத்தை அச்சிட்டார். கிழக்கு நாட்டார் 'பெய்' என்பதனை ஆளுதலையும் அவர் குறித்துள்ளார். ஆயினும் இலத்தீன் இலக்கணத்தின் வழிநின்றமையால், '-மு' என்பதன் வழிவந்த வடிவங்களை அவர் எதிர்காலம் என்றே வகுத்தார். இலத்தீனில் ஊகத்துக்கெனத் தனிப்பெட்டி இல்லை. ஆதலால் அது காலப்பெட்டியுள் வைக்கப்பட்டது.

ஏறத்தாழ இருநூற்றெண்பது ஆண்டுகளின் பின், பஸில் ஹோல் சேம்பர்லேன் என்னும் ஆங்கிலேயர் 1888 இல் வெளியிட்ட பேச்சுமொழிக் கைந்நூலில் இவ்வகுப்பு மாற்றப்பட்டது. அவர் யப்பானிய வினையை உறுதியான காலம், நிகழத்தக்க காலம் என இரண்டாகப் பிரித்தார். யப்பானியர்க்கு இன்றியமையாத வேறுபாடு நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் இடையிலன்று, உறுதிக்கும் ஊகத்துக்கும் இடையிலேயே உள்ளது என்பதனை அவர் கண்டுகொண்டார்.

இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில் யப்பானிய அறிஞரே தம் பழைய மொழியை மீட்டறியும் பணியை மேற்கொண்டனர். ஃபுஜிதனி நரிஅகிர 1778 இல் வெளியிட்ட 'அயுயிஷோ' அவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அவர் சொற்களை மனித உடலின் ஒப்பனையோடு ஒப்பிட்டார். பெயர் ஒழிந்த சொற்களை ஆடை, கொண்டையூசி, காற்கட்டு என்று வகுத்து, இடைச்சொற்களையும் துணைவினை ஒட்டுக்களையும் காற்கட்டு என்பதனுள் அடக்கினார். பழைய ஒட்டு ஒவ்வொன்றுக்கும் தம் காலத்துப் பேச்சுமொழியில் நேரான தொடர் எது என்பதனையும் காட்டினார். 1797 இல் மொதூரி நொரினகவின் 'கொகின்ஷூ தோகாகமி' வெளிவந்தது. 'கொகின்ஷூ' என்னும் பழைய பாடற்றொகையைப் பேச்சுமொழியில் ஆக்கித் தந்த அந்நூலின் பெயர் தொலைநோக்கி எனப் பொருள்படும். முன்னோரின் 'போலும்', 'ஆகும்' என்பவற்றை அறிவதற்குக் கூடப் பதினெட்டாம் நூற்றாண்டினர்க்குத் தொலைநோக்கி தேவைப்பட்டது என்பது, ஐயச் சொற்கள் ஓர் இனத்தின் உள்ளத்தோடு மாறாது ஒட்டியிருப்பவை என்னும் கூற்றை ஐயுறச் செய்கின்றது.

புதிய வடிவங்கள்

பழையன கழிந்த இடத்திற் புகுந்தவை யாவை? அவை பெரும்பாலும் அன்றாடப் பெயர்களிலிருந்தும் தொடர்களிலிருந்தும் பிறந்தவை. 'தரோ' என்பது 'ஆகும்' என்னும் பொருள்தரும் தொடரோடு பழைய '-மு' சேர்ந்து தேய்ந்த வடிவமாகும். எடோக் காலத்தின் (1603-1867) போக்கிலே '-உ' என்பது மெல்ல மெல்ல 'செய்வேன்', 'செய்வோம்' என்னும் எண்ணப்பொருளுக்குரியதாக, ஊகம் 'தரோ' என்பதன் பொறுப்பாயிற்று.

'கமொஷிரெனய்' என்பது இன்று நிகழத்தக்கதனை உணர்த்துவதற்குப் பெரிதும் வழங்குவது. இதனைப் பிரித்தால் 'க' என்னும் ஐயவினா, 'மொ' என்னும் உம்மை, 'அறிய இயலாது' என்னும் எதிர்மறை வினை என மூன்று உறுப்புக்கள் காணப்படும். 'ஓ என்பதும் அறிய இயலாது' என்னும் முழு வாக்கியமே காலப்போக்கில் ஓர் ஒட்டாக இறுகிற்று. 'நி சிகய் நய்' என்பது 'வேறுபாடு இல்லை' எனப் பொருள்பட்டு வலிய துணிவை உணர்த்தும். 'ஹஸு' என்னும் பெயர் அம்பின் அடியில் நாண் பொருந்துமாறு வெட்டப்பட்ட பிளவைக் குறித்தது. நாணும் பிளவும் பொருந்துவதுபோலக் காரணமும் காரியமும் பொருந்தும் என்னும் எதிர்பார்ப்பை உணர்த்துவதாக அது பின்னர் மாறிற்று. போர்வீரர் காலத்துப் படைக்கலம் ஒன்று இன்றைய அலுவலகப் பேச்சிலும் வாழ்கின்றது.

இவை எல்லாவற்றினும் நம் கருத்தைக் கவர்வது 'சோ த' என்பதாகும். 'ஃபுரு சோ த' என்றால் மழை பெய்யுமாம் என்பது பொருள். 'ஃபுரி சோ த' என்றால் வானத்தைப் பார்க்க மழை பெய்யும்போல் இருக்கிறது என்பது பொருள். முன்னையது கேட்டது, பின்னையது கண்டது. வினையின் ஈற்றுயிர் ஒன்றே இரண்டையும் வேறுபடுத்துகின்றது. ஹெயன் காலத்தில் '-நரி', '-மெரி' என்பன ஆற்றிய தொழிலை இன்று இவ்விரு வடிவங்களும் ஆற்றுகின்றன. இவை அவற்றின் வழிவந்தவை அல்ல. இக்காலத்து 'ரஷிய்' என்பதும் பண்டைய '-ரஷி'யின் நேர்வழித் தோன்றலன்று. பழையது ஹெயன் காலத்திலேயே வழக்கொழிந்தது, இன்றுள்ளது பிற்காலத்துப் பெயரடை விகுதியிலிருந்து வளர்ந்தது என்பது ஆய்வாளரின் பொதுக் கருத்து. கண்டதையும் கேட்டதையும் வேறுபடுத்த வேண்டும் என்னும் தேவை, வடிவங்கள் அழிந்த பின்னரும் நிலைத்து நின்று புதிய வடிவங்களைத் தேடிக்கொண்டது.

எனினும் எல்லாம் மீட்கப்பட்டன என்று கூறுதல் பொருந்தாது. '-மஷி'க்கு நிகரான தனி ஒட்டு இன்று இல்லை. கண்ணுக்கெட்டாத நிகழ்காலத்துக்கெனத் தனியொரு வடிவமும் பொதுமொழியில் இல்லை. மறுபுறத்தில், இன்றைய மொழியிற் புதிய கட்டுப்பாடுகள் சில காணப்படுகின்றன. 'எனக்குக் குளிர்கிறது' என்பதற்குரிய சொல்லை அப்படியே மற்றொருவர் மீது ஏற்றிக் கூறுதல் இயல்பான பேச்சிற் பொருந்தாது. 'குளிர்வதாகத் தோன்றுகிறது' என்றோ 'குளிரும் தோற்றம் காட்டுகிறார்' என்றோ கூறவேண்டும். பிறர் உணர்வை நேரில் அறிய எவராலும் இயலாது என்பதே இதன் அடிப்படை. கதாசிரியன் இக்கட்டுப்பாட்டினின்று விடுபட்டவன் என்பதனை குரோதா என்னும் மொழியியலாளர் 1973 இல் விளக்கினார்.

அரசும் அறிவியலும்

மெய்ஜி ஆட்சி 1868 இல் தொடங்கியபோது எழுத்துமொழிக்கும் பேச்சுமொழிக்கும் இடையிற் பெரும் இடைவெளி இருந்தது. ஃபுதபதெய் ஷிமெய் 1887 முதல் 1889 வரை வெளியிட்ட 'உகிகுமோ' என்னும் நாவல் பேச்சுமொழி நடையை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தது. அரசாவணங்களோ 1945 வரை பழைய நடையிலேயே எழுதப்பட்டன. இவ்விடைவெளியின் விளைவினை 1890 ஆம் ஆண்டின் கல்வி பற்றிய பேரரசர் ஆணையிற் காணலாம். நாட்டுக்கு இடர் நேருமாயின் குடிகள் செய்யவேண்டியதனைக் கூறுமிடத்தில் அவ்வாணை 'அரெப' என்னும் வடிவத்தை ஆண்டது. பண்டைய இலக்கணத்தின்படி அது 'இருத்தலால்', 'இருக்கும்போது' என்று நிகழ்ந்ததனையே உணர்த்தும். 'அரப' என்றிருந்திருத்தல் வேண்டும் என்று இலக்கணவாணர் சிலர் கருதினர். சீனநூல்களை யப்பானிய மொழியிற் படிக்கும் மரபில் 'அரெப' நிபந்தனைக்கும் வழங்கியது என்பது மறுசாராரின் விடை. இன்றைய மொழியில் 'அரெப' என்பதே 'இருந்தால்' எனப் பொருள்படுகின்றது. ஒருகாலத்தில் நிகழ்ந்ததற்குரியதாயிருந்த வடிவம் நிகழாததற்குரியதாக முற்றிலும் மாறிவிட்டது. பள்ளிச் சிறார் தலைவணங்கிக் கேட்ட ஆணையில் இம்மாற்றத்தின் இடைநிலை பதிந்துள்ளது.

அறிவியற்றுறையில் வேறொரு வளர்ச்சி ஏற்பட்டது. ரோக்கியோ வானிலை ஆய்வுநிலையம் 1884 யூன் 1 ஆம் திகதி வெளியிட்ட முதலாவது எதிர்வுகூறல், காற்றின் திசை நிலையற்றது, வானிலை மாறும் இயல்பினது, ஆயினும் மழையே மிகும் என்னும் கருத்தினது. அது உறுதிநடையில் எழுதப்பட்டது. பிற்கால வானிலை அறிக்கைகள் 'தரோ' என்பதன் பணிவு வடிவமாகிய 'தெஷோ' என்பதனால் முடிவது வழக்கமாயிற்று. 1980 இல் வானிலை நிறுவனம் ரோக்கியோப் பகுதிக்கு மழைக்கான நிகழ்தகவை நூற்றுவீதத்தில் அறிவிக்கத் தொடங்கியது. ஐயத்தை எண்ணால் அளக்க முற்பட்ட இச்செயலைத் தெளிவின்மை என எவரும் கூறார். ஐயத்தின் அளவைச் சொல்லால் உணர்த்திய பழைய முறையும் இந்நோக்கத்தையே உடையது.

ஐயவடிவம் உண்மையை மறைக்கவும் பயன்படக்கூடும் என்பதனையும் மறுத்தலாகாது. 1945 ஓகஸ்ட் 15 ஆம் திகதி வானொலியில் ஒலிபரப்பப்பட்ட பேரரசரின் உரை, போர்நிலை யப்பானுக்கு அனுகூலமாகவே அமைந்தது என்று சொல்வதற்கில்லை என்னும் பொருளுடைய தொடரால் முழுத்தோல்வியைச் சுட்டிற்று. சரணடைதல் என்னும் சொல் அதில் இடம்பெறவில்லை. ஆனால் இது மொழி செய்த செயலன்று. உறுதியாகக் கூறுதற்குரிய வடிவங்கள் பல அம்மொழியில் இருக்கவும், எழுதியோர் தாம் விரும்பிய வடிவத்தைத் தெரிந்தெடுத்தனர். எல்லா நாட்டு அரசுகளும் தோல்வியை அறிவிக்கும்போது இத்தகைய நடையை நாடுவதுண்டு.

இதனோடு சேர்த்து மற்றொரு கதையையும் நோக்குதல் தகும். பொட்ஸ்டாம் பிரகடனம் 1945 யூலை 26 ஆம் திகதி வெளியிடப்பட்டது. அதனைப் பற்றி 28 ஆம் திகதி பிரதமர் சுஸுகி கந்தரோ கூறியதில் இடம்பெற்ற 'மொகுசத்ஸு' என்னும் சொல், கருத்துரையாது விடுதல், புறக்கணித்தல் என இருபொருள் தரவல்லது. அச்சொல்லின் தெளிவின்மையும் மொழிபெயர்ப்பும் ஹிரோஷிமாவின் அழிவுக்குக் காரணமாயின என்று பலர் எழுதியுள்ளனர். ஆனால் அணுகுண்டை வீசுதற்குரிய இராணுவக் கட்டளை யூலை 25 ஆம் திகதியே, அதாவது பிரகடனத்துக்கு முந்திய நாளே, பிறப்பிக்கப்பட்டுவிட்டது. மறுமொழி வேறாக அமைந்திருந்தால் நிகழ்ச்சிகளின் போக்கு மாறியிருக்கலாம் என்று வாதிட இடமுண்டு; ஒரு சொல்லின் இருபொருளே குண்டை வீசியது என்று கூற இடமில்லை. மனிதர் எடுத்த முடிவுகளின் பொறுப்பை மொழியின் மீது சுமத்துதல் வரலாற்று நெறியாகாது.

தமிழோடு ஓர் ஒப்புநோக்கு

தமிழ்மாணவர்க்கு இவ்வடிவங்கள் பல பழகிய முகங்களாகவே தோன்றும். 'வருவானோ தெரியாது' என்னும் நம் பேச்சுவழக்கு, 'கமொஷிரெனய்' என்பதன் அமைப்பையே பெரிதும் ஒத்தது. 'வந்தானாம்' என்பதிலுள்ள 'ஆம்' கேள்வியறிவை உணர்த்துவது. யப்பானிய மொழியின் தோற்றத்தைத் தமிழோடு தொடர்புபடுத்திப் பேராசிரியர் ஓனோ சுசுமு (1919-2008) 1980 ஆம் ஆண்டையொட்டிய காலத்திலிருந்து விரிவாக எழுதினார் என்பதும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவருடன் இணைந்து ஆய்வு நிகழ்த்தினர் என்பதும் நம்மவர் நன்கறிந்தவை. அவ்வாய்வு தமிழரிடையே பண்டைய யப்பானிய இலக்கியத்தில் ஈடுபாட்டை உண்டாக்கிற்று. அது பெரும் பயனாகும்.

ஆயினும் மேற்காட்டிய ஒற்றுமைகளை இனவுறவுக்குச் சான்றாகக் கொள்ளுதல் அரிது. 'ஓ என்பதும் தெரியாது' என்னும் அமைப்பு கொரிய மொழியிலும் அவ்வாறே உள்ளது. வினையை இறுதியிற் கொண்டு ஒட்டுக்களை அடுக்கும் மொழிகளில், வாக்கிய இறுதியில் நிற்கும் 'அறியேன்', 'தோன்றும்', 'என்பர்' போன்ற வினைகள் தேய்ந்து ஊக ஒட்டுக்களாக மாறுதல் எளிது. 'கமொஷிரெனய்' ஒட்டாக இறுகியதும் பிற்காலத்திலேயே ஆகும். தொல்காலத் தொடர்பு ஒன்றிருந்ததாகக் கொண்டாலும் இவ்வடிவம் அதன் எச்சமாக இருத்தல் இயலாது. ஒப்பியன் மொழிநூலாரிற் பெரும்பாலோர் ஓனோவின் கொள்கையை ஏற்கவில்லை என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. நமக்கு உவப்பான முடிவு என்பதற்காக ஊகத்தைத் துணிபாக எழுதுதல் தகாது. '-ரஷி' என எழுதவேண்டிய இடத்தில் '-பெஷி' என எழுதுவதற்கு அது ஒப்பாகும்.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, யப்பானிய மொழியின் ஐய வடிவங்கள் ஆயிரத்திருநூறு ஆண்டுகளிற் பெரும்பாலும் மாறிவிட்டன; எனவே அவை ஒரு நிலைபேறான தேசிய இயல்பின் வெளிப்பாடாகா. இரண்டாவது, வடிவங்கள் மாறியபோதும், கண்டது, கேட்டது, கருதியது என்னும் பாகுபாடு மீண்டும் மீண்டும் இலக்கணத்தில் இடம்பெற்றது. மூன்றாவது, அவ்வடிவங்களைப் பணிவுக்கோ மறைப்புக்கோ பயன்படுத்துதல் பேசுவோனின் தெரிவேயன்றி மொழியின் கட்டாயமன்று.

வரலாறு பயில்வோர்க்கு இவற்றுள் இரண்டாவது மிகவும் வேண்டப்படுவது. ஓர் ஆவணத்தைக் கையிலெடுக்கும்போது, இதனை எழுதியவன் நேரிற் கண்டானா, பிறர் கூறக் கேட்டானா, தானே ஊகித்தானா என்று நாம் வினவுகின்றோம். பெரும்பாலான ஆவணங்கள் இவ்வினாவுக்கு விடை கூறுவதில்லை. நாமே வருந்தித் தேடவேண்டியுள்ளது. ஹெயன் காலத்து நாட்குறிப்பாளரும் கதை தொகுத்தோரும் தம் வினைகளின் ஈற்றிலேயே அவ்விடையிற் பெரும்பங்கினை எழுதிவைத்துச் சென்றனர். அவர்தம் மொழியைத் தெளிவற்றது எனக் கூறுமுன், நம் கட்டுரைகளில் 'என்பர்', 'எனலாம்', 'ஆகும்' என்பவற்றை எவ்வளவு கவனத்தோடு ஆளுகின்றோம் என்பதனையும் எண்ணிப்பார்த்தல் நன்று. கேட்டதைக் கண்டதாகவும், கருதியதை நிகழ்ந்ததாகவும் எழுதும் வரலாறுகளால் விளைந்த தீங்குகள் எந்நாட்டிலும் சிறியனவல்ல.